நாற்காலி சாக்ஸும் ஒற்றை நட்சத்திரமும்

"அஞ்சு ஸ்டாரைத் தட்டுறதுக்குக்கூட உங்க அண்ணிக்கு விரல் வளையல," என்றாள் அம்மா.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மகளைத் தவிர முப்பது பேர். முந்தாநாள் அவள் கைகூப்பும் படத்தோடு கேட்டிருந்தாள்: 'என் ஆன்லைன் கடைக்கு ஆளுக்கு அஞ்சு ஸ்டார் போடுங்க. சிறுதொழில் உதவித்தொகைக்கு மனு போட்டிருக்கேன். கடைப் பக்கத்தைப் பார்த்துட்டுத்தான் குடுப்பாங்களாம்.'

இருபத்தொன்பது பேர் போட்டாயிற்று. அண்ணி படித்ததற்கு நீல டிக் மட்டும் விழுந்தது.

கடையில் விற்பது ஒரே பொருள், நாற்காலிக்கு சாக்ஸ். கம்பளி நூலில் பின்னியதை நாற்காலிக் காலில் மாட்டிவிட்டால் இழுக்கும்போது சத்தம் வராது. யோசனை பிறந்ததே அண்ணன் வீட்டில்தான். அந்த வீட்டு நாற்காலியை இழுத்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பல் கூசும்.

"நாற்காலிக்கு சாக்ஸ் சரி, மேசைக்கு பேன்ட் எப்போ?" என்று கேட்டார் சித்தப்பா. கேட்டுவிட்டு அவரும் அஞ்சு ஸ்டார் போட்டார். நல்ல மனுஷன்.

அண்ணி பழைய குற்றவாளி. ஆறு மாதத்துக்கு முன்னால் பின்னல் மெஷின் வாங்க அண்ணனிடம் பணம் கேட்டபோது, அண்ணன் வாயைத் திறக்குமுன், "யோசிச்சுச் சொல்றோம்" என்றவள் அவள்தான். அந்த யோசனை இன்னும் முடிந்தபாடில்லை.

அதுவரை கையால்தான் பின்னல். இரண்டு கட்டைவிரலிலும் பிளாஸ்திரி. வேலை போய்ப் பத்து மாதம். இந்த உதவித்தொகையும் கைவிட்டால் கடையை மூடிவிட்டு மறுபடி வேலை தேடி அலைய வேண்டியதுதான்.

போதாக்குறைக்கு ஒரு வாடிக்கையாளர். பெயர் போடாத ஆள். வீட்டில் வைத்த பெயர் 'ஒத்தை ஸ்டார்'. கடைக்கு வந்த முதல் ஆர்டரே அந்தப் புண்ணியவானுடையது. பார்சலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இணையதளக் கம்பெனி என்பதால், ஆள் யார், எங்கே இருக்கிறார் என்று தெரிய வழியில்லை.

'மூணாம் நாள் கழண்டு விழுது.' ஒரு நட்சத்திரம்.

பல்லைக் கடித்துக்கொண்டு விளிம்பில் எலாஸ்டிக் வைத்தாள். அதையும் அந்த ஆள் வாங்கினார்.

'வழுக்குது. உட்கார்ந்தவர் நாற்காலியோட சேர்ந்து போறார்.' ஒரு நட்சத்திரம்.

அடியில் ரப்பர் ஒட்டினாள்.

'ரப்பர் தரையில கறுப்புக் கோடு போடுது.'

வெள்ளை ரப்பருக்கு மாறினாள்.

'மூணு சின்னது, ஒண்ணு பெருசு. எங்க வீட்டு நாற்காலிக்கு நாலு காலும் ஒரே அளவு.'

அளவுக்கு ஒரு மரக்கட்டை வைத்துப் பின்ன ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும் 'மன்னிக்கவும், திருத்திவிட்டேன்' என்று பதில் எழுதினாள். எழுதி முடித்ததும் ஆளை வாய் வலிக்கத் திட்டினாள்.

"போட்டிக்காரன் எவனாவது இருப்பான்டி," என்றாள் அம்மா. "இல்லேன்னா வேலையத்தவன்."

உதவித்தொகை அலுவலகத்தில் அதிகாரி அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு திரையைப் படித்தார்.

"'ருசி பிரமாதம். பார்சல் சூடாக வந்தது.'" நிமிர்ந்தார். "நீங்க நாற்காலி சாக்ஸ்தானே விக்கிறீங்க?"

"ஆமாங்க மேடம்."

சித்தப்பா வேறெங்கோ எழுதியதை எடுத்து ஒட்டியிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"'டாக்டர் ரொம்ப அன்பாகப் பேசினார்.'"

அது பெரியம்மா.

"இருபத்தொன்பது பேர் அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க. ஒருத்தர்கூட வாங்கல," என்றார் அதிகாரி. "இதுக்காகவே பாதி மனுவைத் திருப்பி அனுப்பறோம்."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உட்காருங்க. நாலு தடவை காசு குடுத்து வாங்கி, நாலு தடவையும் திட்டின ஒருத்தர் இருக்காரே, அவரைத்தான் நாங்க கணக்குல எடுத்தோம். நாலு குறை சொல்லியிருக்கார், நாலையும் நீங்க சரி பண்ணியிருக்கீங்க. மெஷினுக்குப் பணம் குடுத்தா உருப்படியா வேலை நடக்கும்னு தெரியுது."

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

உத்தரவுக் கடிதத்தோடு அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணியின் மூக்கை உடைத்துவிட்டுத்தான் மறுவேலை.

அண்ணி சாப்பாட்டு மேசையில் துவைத்த துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். இவள் கடிதத்தை அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கிடைச்சிருச்சு அண்ணி. நம்ம வீட்டுல யாரும் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாம."

அண்ணி கடிதத்தை முழுசாகப் படித்தாள். "நல்லது. உட்காரு," என்று அடுத்த துணியை எடுத்தாள்.

அவ்வளவுதான். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீடு வரை கேட்கட்டும் என்று நாற்காலியை வேகமாக இழுத்தாள்.

சத்தமே வரவில்லை.

குனிந்து பார்த்தாள். ஒரு காலில் ரப்பர் பேண்டால் கட்டி நிறுத்திய பழைய சாக்ஸ். அடுத்த காலில் எலாஸ்டிக் வைத்தது. மூன்றாவதில் கறுப்பு ரப்பர். நான்காவதில் வெள்ளை.

வெட்கமாக இருந்தது. நிமிர்ந்து அண்ணியின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"யோசிச்சுச் சொல்றோம்னு அன்னிக்குச் சொன்னேனே," என்றாள் அண்ணி, துணியை மடித்தபடி. "நாலு தடவை சொல்லியாச்சு. அஞ்சாவது, தையல் பிரியுது."