உண்மையைச் சொல்வதானால்

"என்னைய ஒரு வாக்கியம் முடிக்க விட்டானா அந்தச் செல்லச்சாமி? அத மொதல்ல எழுதிக்கோங்க சாலமன்."

ஆமத்தூர் கவுன்சிலர் முனியராஜ் இரண்டாம் முறையாக மனுத்தாக்கல் செய்துவிட்டு, நிருபர் சாலமன்ராஜைப் பேட்டிக்குக் கூப்பிட்டிருந்தார். தேர்தல் 2006-இல். பேச்செல்லாம் 2001-இல், அப்போதும் எதிர்த்து நின்ற செல்லச்சாமியைப் பற்றி. அவர் மனைவி குருவம்மாள் வேலைக்குப் போய்த் திரும்பிய களைப்போடு இருவருக்கும் காபி வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

சாலமனுக்கும் பழைய கதைதான் பிடித்தது. அப்படி ஒரு தேர்தல் இனி வரவா போகிறது?

முனியராஜ் சிவகாசி அச்சகம் ஒன்றில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். பொய் என்றால் ஆகாது. கல்யாணப் பத்திரிகையில் 'அழகிய மணமகள்' என்று இருந்தால், போட்டோவைப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்ப மாட்டார். அப்படிப்பட்டவர் மேடையேறி, "உண்மையைச் சொல்வதானால்..." என்று தொடங்குவார். அந்தச் சொல் வாயை விட்டு வந்ததும் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சரவெடி கிளம்பும்.

சாதாரணச் சரமா அது? வெம்பக்கோட்டை அணையில் மீன்கள் புரண்டு படுத்தன. முக்கால் மணி நேரம் வெடித்து ஓய்ந்தால் ஊரே இருமிக்கொண்டிருக்கும். அடுத்த ஊர்க் கூட்டத்துக்கும் நேரமாகியிருக்கும். புகை விலகும்போது, வெள்ளை வேட்டி கரித்துணியாகி, கும்பிட்ட கையோடு முனியராஜ் நிற்பார். சப்பரத்துச் சாமியைப் பார்த்ததுபோல் சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வார்டின் பதினோரு ஊரிலும் இதே கூத்து. சாலமனும் பதினோரு முறை, 'பலத்த வாணவேடிக்கைக்கு இடையே வேட்பாளர் உரையாற்றினார்' என்று ஃபேக்ஸ் அனுப்பினார். உரையில் என்ன இருந்தது என்று மதுரை ஆபீசில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்காத பேச்சில் அவரவருக்கு வேண்டியது கேட்டுவிட்டது. ஜெயித்த மறுநாளே ஆமத்தூர்க்காரர்கள் வந்து, மேடையில் சொன்ன பாலம் எப்போது வரும் என்றார்கள். அந்தச் சத்தத்தில் யார் காதில் என்ன விழுந்ததோ என்று முனியராஜுக்கே குழப்பம். பிழை தன் பக்கம் இருந்துவிடக் கூடாதென்று கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார். பதினேழு ஜோடி செருப்பு தேய்ந்தது. பாலம் வந்துவிட்டது.

"இம்புட்டு நாள் பொறுத்தாச்சு. இந்தத் தடவ நான் பேசியே ஆகணும்" என்று முனியராஜ் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். உள்ளே, வெடிக்காமல் நமுத்துப்போன சரவெடியின் வால். "முடிச்சப் பாருங்க. எடது பக்கமாச் சுத்தி ரெட்டை முடிச்சு. செல்லச்சாமி எடதுகைக்காரன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நாளைக்குப் பேப்பர்ல போட்டோவோட வரணும்."

வந்தால் எதிர் வேட்பாளர் செல்லச்சாமி ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. சாலமன் தயங்கினார். "அன்னைக்குப் பேச இருந்தத எழுதி வச்சிருக்கீகளா அண்ணாச்சி?"

ஐந்து வருடமாகச் சட்டைப்பையிலேயே குடியிருந்ததுபோல் ஒரு தாள் உடனே வந்தது. சாலமன் படித்தார்.

'உண்மையைச் சொல்வதானால், ஆமத்தூருக்குப் பாலம் வராது. கவுன்சிலருக்கு அந்த அதிகாரமே கிடையாது. கொண்டுவருவேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்.'

சாலமன் இன்னொரு முறை படித்தார். இது மட்டும் காதில் விழுந்திருந்தால் டெபாசிட்டே தேறியிருக்காது.

"இத முன்கூட்டியே யாருக்காவது காட்டினீகளா?"

"வெளியில ஒரு ஆளுக்குக்கூடக் காட்டல. ஒரு மாசம் வீட்டுக்குள்ளயே நின்னு பேசிப் பழகுனேன்."

இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு சாலமன் எழுந்தார்.

வாசலில் குருவம்மாள், நாளைய பிரசாரத்துக்குக் கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தார். பட்டாசுக் கம்பெனியில் இருபது வருடமாகச் சரவெடி பின்னுகிற கை; பூவும் அதே வேகத்தில் ஓடியது. இடது பக்கமாக ஒரு சுற்று. பிறகு இரட்டை முடிச்சு.

சாலமன் செருப்பைப் போடாமல் அப்படியே நின்றார்.

அவர் பார்வை போன இடத்தைக் கவனித்த குருவம்மாள், சரத்தை மடியில் இறக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் தம்பி, இந்தத் தடவையும் அவுக 'உண்மையைச் சொல்வதானால்'னுதான ஆரம்பிக்கப் போறாக?"