பூசணி பறிக்கும் வரை

"இன்னும் ஒண்ணுகூடத் தலை காட்டலையாக்கா?"

முனீஃப் பாத்தி ஓரம் குந்தி உட்கார்ந்து மண்ணை முறைத்தான்.

"முறைச்சா முளைச்சிடுமாடா? தண்ணிய ஊத்து" என்றாள் அக்கா ரஸ்மியா.

அஜ்லூன் மலைச்சரிவில் அப்பா விட்டுப்போன வீட்டைப் பங்கு பிரித்ததில், ரஸ்மியாவுக்கு ஓர் அறையும் தம்பிக்கு அதற்கு எதிரே இருந்த முற்றமும் வந்தன. முற்றத்தில் சிமெண்ட் பூசி, புதுக் காரை நிறுத்த அவனுக்கு ஒரே துடிப்பு. கார் நின்றால் அவளுடைய ஒரே சன்னலும் அடைபட்டுப்போகும். அழுது பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். அவன் மசியவில்லை.

ஆனால் பங்கு பேசிக்கொண்டிருந்த வாரமே அவள் அங்கே பூசணி விதைத்துவிட்டாள். விதைத்தவர் காய் பறிக்கும் வரை அந்த மண்ணில் யாரும் கை வைக்கக்கூடாது என்பது வழக்கம். சித்தப்பா முன்னால் முனீஃப் அதற்கு வாக்கும் கொடுத்துவிட்டான். பூசணிதானே, சீக்கிரம் காய்த்துவிடும் என்று நினைத்தான், பாவம்.

"வாரத்துக்கு ஒரு தடவை வர்ற தண்ணிக்கா! வீட்டுல துணிகூடத் துவைக்காம இங்க கொண்டாந்து கொட்டறேன். எம் பொண்டாட்டி என்னைத் தெருவுல தள்ளப் போறா!"

"பயிருக்கு ஊத்தினாப் புண்ணியம்டா."

"ஆட்டெரு போட்டாச்சு. குருவி விரட்டியாச்சு. எறும்புக்கு மருந்து வெச்சாச்சு. அல்லா மேல ஆணையா, பாறையில போட்டிருந்தாக்கூட இந்நேரம் முளைச்சிருக்கும்! பேசாம நாலு நாத்து வாங்கியாந்து நட்டுடறேன்."

"அதெப்படி? நீ வாக்குக் குடுத்தது நான் விதைச்சதுக்கு. வேணும்னா சித்தப்பாகிட்டயே போய்க் கேளேன்."

அவரிடம் கொடுத்த வாக்கை மீறினால் ஊருக்குள் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. முனீஃப் தெருவில் நின்ற காரைப் பார்த்தான். கதவில் எவனோ ஆணியால் நீளமாகக் கோடு இழுத்திருந்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சரி, மறுபடியும் விதைச்சுத் தொலை! இந்தத் தடவை நானே குழி போடறேன். எப்படி முளைக்காம போகுதுன்னு பாத்துடறேன்!"

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தான்.

"நீ தோண்டுடா. நான் விதை எடுத்துட்டு வர்றேன்" என்று ரஸ்மியா உள்ளே போனாள்.

வாணலியில் வறுத்து வைத்திருந்த பூசணி விதைகளில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தாள், நன்றாகவே மொறுமொறுத்தது. மீதியை, நிறம் தெரியாதபடி அடுப்புச் சாம்பலில் புரட்டி அள்ளிக்கொண்டு தம்பியிடம் போனாள்.