குரல் நின்றால்

உர ஆலையிலிருந்து துறைமுகம் வரை நான்கு கிலோமீட்டர்தான் அந்த ரயில் பாதை. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். ஓட்டுநர் தணிகாசலத்துக்கு முன்னால் எதுவும் தெரியாது. முதல் வேகனில் தொற்றிக்கொண்டு போகும் ஆல்பின் வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பது சட்டம்.

அடுத்த மாதத்திலிருந்து எல்லாம் லாரிதான், உனக்கு வேலை இல்லை என்று காலையில் ஆபீசில் ஆல்பினிடம் சொல்லிவிட்டார்கள். வண்டி ஏறும்போது ஊரிலிருந்து அம்மாவின் குரல் செய்தி வந்தது. "மக்ளே, வேலை நிரந்தரந்தானான்னு பொண்ணு வீட்டுல கேக்காவ. ஆமான்னு சொல்லிரட்டா?"

"பத்து வேகன் தூரம் பாதை காலிண்ணே... எட்டு..." அதற்குமேல் ஆல்பினுக்குக் குரல் எழவில்லை. வண்டி முனகிக்கொண்டு நின்றது.

"இன்னாடா, குறுக்க மாடா?"

"இல்லண்ணே."

"அப்ப உன் மாமியாரா?"

ஆல்பின் சிரிக்கவில்லை. சொல்லிப் பார்க்கிறவன்போல வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனான். "அம்மா, எனக்கு வேலை போச்சும்மா."

வாக்கிடாக்கியில் பிரேக்கை இறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு தணிகாசலம் சொன்னார்:

"அதையே போன்ல அம்மாகிட்ட சொல்லுடா. அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்."