மூன்று மணி டாக்ஸி

"எங்கே வெச்ச? நல்லா யோசிச்சுச் சொல்லுடா. மூணு மணிக்கு டாக்ஸி வந்துரும்."

"மேஜை மேலதான்கா வெச்சேன். டிக்கெட், பர்மிட், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் அப்படியே இருக்கு. பாஸ்போர்ட் மட்டும் காணோம்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு முப்பத்தைந்து.

தம்பி வீட்டுக் கூடத்தின் நடுவில் பதினாறு கிலோ முதுகுப்பை கட்டி முடித்துத் தயாராக நின்றது. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். தம்பி லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடமாக அவனுக்குப் பயிற்சி அட்டவணை போட்டுக் கொடுத்தது அவள்தான். அந்த அட்டவணைப்படி அவன் வேலைக்குப் போன கட்டடங்களில் எல்லாம் மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு பன்னிரண்டு மாடி ஏறி இறங்கினான். "ரிப்பேர் பண்ண வந்தவரே படியில போறாரே, லிஃப்ட் இன்னும் சரியாகலையா?" என்று குடியிருப்பவர்கள் அரண்டு போனதும் உண்டு.

மாலையில் விமானம். வெளிநாட்டில், ஐயாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில் ஒரு பனிக் கணவாய். வழிகாட்டி கிடையாது, சுமை தூக்க ஆள் கிடையாது. பதினான்கு நாள் தன்னந்தனியாக நடக்க வேண்டும். அவனுடைய கம்பெனிக்காரர்கள் முப்பது பேர் விமான நிலையத்தில் பேனரோடு காத்திருந்தார்கள்.

உள்ளறையிலிருந்து தம்பியின் மனைவி வந்தாள். "பீரோவுல இல்ல அண்ணி. பரண்லகூடப் பாத்துட்டேன்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "காலையில மேஜையைத் துடைச்சது யாரு?"

"நான்தான்."

"அப்ப இருந்துதா?"

"இருந்துது அண்ணி. தூக்கித் துடைச்சுட்டு அங்கேயேதான் வெச்சேன்."

"அப்புறம் என்ன, றெக்கை முளைச்சுப் பறந்து போச்சாக்கும்?"

அவள் குனிந்து மேஜைக்கு அடியில் தேடினாள். போன வாரம் இதே கூடத்தில் அவள் அழுததை அக்கா மறக்கவில்லை. 'தனியா வேண்டாம் அண்ணி. மேலே போய் மூச்சு முட்டினா ஏன்னு கேக்க ஆள் இல்ல. நீங்க சொன்னாத்தான் கேப்பார்' என்று கெஞ்சினாள். அக்கா அன்றைக்கே முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டாள்: 'அவன் என் தம்பி. பயம்னா கிலோ என்ன விலைன்னு கேப்பான்.'

பூட்ஸ்வரை மாட்டித் தயாராக இருந்த தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "விடுக்கா, அவளை எதுக்குக் கேக்கற? நான்தான் எங்கேயாவது..."

"நீ சும்மா இரு! ரெண்டு வருஷம் நாயா உழைச்சிருக்கோம். பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசற நேரமா இது?"

அக்கா விடுவிடுவென்று உள்ளே போனாள். தம்பி மனைவியின் துணி அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த சேலைகளை ஒவ்வொன்றாக உதறித் தரையில் போட்டாள். கைப்பையைக் கவிழ்த்தாள். தலையணை உறைகளைக்கூட விட்டு வைக்கவில்லை. ஒன்றும் அகப்படவில்லை. அவள் திரும்பி வந்தபோது கீழே டாக்ஸியின் ஹாரன் அலறியது.

தம்பி மனைவி கூடத்தில் மண்டியிட்டு சோபாவின் அடியில் துழாவிக்கொண்டிருந்தாள். அப்படியே நகர்ந்து கணவனின் நாற்காலிக்கு வந்தாள்.

"காலைக் கொஞ்சம் தூக்குங்க."

அவன் தூக்கவில்லை. அவளே பிடித்து நகர்த்தினாள். பிறகு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் வெளிறிப்போய் எழுந்து நின்றாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா, என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

"தேடினது போதும் அண்ணி. நான்தான் எடுத்தேன்."

"என்னது?"

"காலையிலேயே எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். கொடுக்க மாட்டேன். டாக்ஸியைத் திருப்பி அனுப்பிடுங்க."

"அடிப்பாவி! அங்க முப்பது பேர் காத்துக்கிட்டு இருக்காங்களே, அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"என் பேரைச் சொல்லிடுங்க. அவ அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி நிறுத்திட்டான்னு சொல்லுங்க."

"அக்கா, அவ..." என்று தம்பி வாயெடுத்தான்.

"நீங்க பேசாதீங்க!" என்று வெட்டினாள் அவள். அவன் பெட்டிப் பாம்பாய் அடங்கிப் போனான்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "மலையைத் தாண்ட வேண்டியவனைச் சேலைத் தலைப்புல முடிஞ்சு வெச்சுக்கிட்டியே, நீ நல்லா இருப்பியா? இனிமே நான் இந்த வாசப்படியை மிதிச்சா ஏன்னு கேளு!"

படபடவென்று நான்கு மாடியும் இறங்கினாள். டாக்ஸியை அனுப்பினாள். கம்பெனிக்காரர்களுக்கு போன் போட்டு, தம்பி மனைவியின் மானத்தைக் கப்பலேற்றினாள். ஸ்கூட்டரிடம் வந்த பிறகுதான் சாவியை மேலேயே விட்டுவிட்டது தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ஏறினாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளப் போன கை பாதியில் நின்றது.

உள்ளே தம்பி வலது கால் பூட்ஸைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறைக்குள் கையை விட்டு, கெண்டைக்காலோடு ஒட்டிக் கிடந்த பாஸ்போர்ட்டை உருவி மனைவியிடம் நீட்டினான்.

"ஒரு மாசமா தூக்கமே இல்ல, பயமா இருக்குன்னு அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல" என்று அவன் விசும்ப, "எதுக்குச் சொல்லணும்? அதான் நான் எடுத்துட்டேனே" என்றாள் அவள்.