மூன்றாவது விசில்

"பெங்களூரு ஹெட் ஆபீஸ்லேர்ந்து கிரண் பேசறேன், சொல்லுங்க மேடம்" என்றான் பரத்.

அவன் உட்கார்ந்திருந்தது என்னவோ பழைய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில், சுவரோடு சுவர் ஒட்டிய ஒரு வீட்டின் முன்னறையில், லுங்கியோடு. ஆபீஸில் ஏற்கெனவே ஒரு பரத் இருந்ததால் இவனுக்குக் கிரண் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்த ஊரைச் சொல்லக்கூடாது என்பதும் அங்கே ஒரு சட்டம்.

"தையல் பாடம் டிவிடி வாங்கினேன் தம்பி. பாடம் ஓடுது. அட்டையில போனஸ் ஃபைலு, பிளவுஸ் அளவுப் படம்லாம் உள்ள கீதுன்னு போட்டிருக்கு. டிவிலயும் பாத்துட்டேன், பொண்ணு லேப்டாப்புலயும் பாத்துட்டேன், ஒண்ணும் காணோம். ஞாயித்துக்கிழமைக்குள்ள கல்யாண ஜாக்கெட் வெட்டணும்."

பரத் வாயைத் திறப்பதற்குள், சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது.

மூன்று வாரம் முன்பு குடிவந்த பக்கத்து வீட்டம்மாவின் திருப்பணி அது. முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. 'காலையில் ஆபீஸ் கால் நடக்கிறது, குக்கர் வேண்டாமே – பரத்' என்று சீட்டு எழுதிக் கதவிடுக்கில் செருகிப் பார்த்தான். மறுநாள் ஒரு விசில் கூடுதலாக வந்ததுதான் மிச்சம்.

அழைப்பைக் கேட்டுக்கொண்டிருந்த சூப்பர்வைசர் லவினாவின் செய்தி திரையில் குதித்தது. 'மறுபடியும் உன் வீட்டுக் குக்கரா? நாளையிலிருந்து ஆபீஸுக்கு வந்துவிடு.'

ஆபீஸ் என்றால் விடியுமுன் ரயில், திரும்பி வர ராத்திரி. உள்ளறையில் இருமிக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுக்க வேறு ஆள் கிடையாது.

'இது கஸ்டமர் வீட்டுக் குக்கர்' என்று கூசாமல் தட்டிவிட்டான்.

'நம்பிவிட்டேன். அப்படியானால் அந்தக் கஸ்டமரிடம் ஐந்துக்கு ஐந்து மார்க் வாங்கிக் காட்டு.'

"லைன் சரியில்ல தம்பி, கொஞ்சம் ஒரக்கப் பேசு."

பரத் குரலை உயர்த்தினான். "இப்போ கேக்குதா மேடம்?"

"ம். இப்போ ரெண்டு காதுலயும் கேக்குது."

"டிவில போட்டா போனஸ் தெரியாது. லேப்டாப்புல பாடம் தானா ஓட ஆரம்பிச்சுடும், அதை மூடிடுங்க. அப்புறம் மை கம்ப்யூட்டர் திறந்து, டிவிடி படத்து மேல ரைட் கிளிக் பண்ணி ஓபன் குடுங்க."

இரண்டாவது விசில். வழக்கமாக நான்கு வரும்.

"இன்னா தெரியுது?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பதற்றத்தில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

மறுமுனை அதைப் பிடித்துக்கொண்டது.

"நீ எந்த ஊரு தம்பி?"

"பெங்களூருதான் மேடம்."

"சரி சரி. இரு, தோ வந்துட்டேன்."

விநாடிகள் ஓடின. அப்பா இருமினார். பரத் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, மூன்றாவது விசிலுக்காகப் பல்லைக் கடித்தபடி காத்திருந்தான். அது வரவேயில்லை. இன்றைக்கு யார் முகத்தில் விழித்தோமோ என்று ஆச்சரியமாக இருந்தது.

"தம்பி, போனஸ்னு ஒரு ஃபோல்டர் கீது. உள்ள போய்த் தட்னா, எதுல தெறக்கணும்னு கேக்குது."

"நெட் பாக்கற குரோம் இருக்கும் பாருங்க, அதத் தட்டுங்க."

"வந்துடுச்சுப்பா. கை, கழுத்து, முதுகு, எல்லா அளவும் வந்துடுச்சு."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது. "இப்ப மார்க் கேப்பாங்க மேடம். அஞ்சு அமுக்குங்க. எனக்கு ரொம்ப முக்கியம்."

"தெரியும்பா" என்று சொல்லிவிட்டு அவள் அமுக்கினாள்.

திரையில் ஐந்து விழுந்தது. பின்னாலேயே லவினா அனுப்பிய கட்டைவிரல் படமும் வந்தது. பரத் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மருந்துப் பாட்டிலை எடுக்க எழுந்தான்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதே குரல் கேட்டது.

"நாளையிலேர்ந்து உன் ஷிஃப்ட் முடிஞ்சப்புறம்தான் குக்கர் வெப்பேன், பரத்து."