வினாடிக்கு ஆயிரம் துடிப்பு

“காலத்தைத் துல்லியமாக அளக்கத் தெரியாத சமுதாயத்தால் நீதி வழங்க முடியாது” என்று இந்த வருட வினாடி வினாவைத் தொடங்கிவைத்து மைக்கில் முழங்கினார் பங்குப் பேரவைத் தலைவர் எட்மண்ட்.

போன வருடம், 1985இல், மாதா கோயில் மண்டபத்தில் நடந்த விவிலிய வினாடி வினாவில் அவர் காத்தோங் பங்கு அணியிடம் தோற்றிருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

தன்னைத் தோற்கடித்தது கம்ப்யூட்டர்தான் என்று தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார். போட்டிக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிய ஜோசபினுக்கு அது உறுத்தியது. ஏனென்றால் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. கம்ப்யூட்டரின் கடிகாரம் வினாடிக்குப் பதினெட்டு முறைதான் துடிக்கும். துடிப்புக்கு ஒரு தடவைதான் அவளுடைய புரோகிராம், யார் பொத்தானை அழுத்தியது என்று எட்டிப் பார்க்கும். ஒரே துடிப்புக்குள் இரண்டு பேர் அழுத்திவிட்டால் முந்தியது யார் என்று அதற்குத் தெரியாது. முதல் மேசைக்கே விளக்கை எரித்துவிடும். போன வருடம் எட்மண்ட் உட்கார்ந்தது இரண்டாவது மேசை.

தஞ்சோங் பகாரில் ஆபீஸ் முடிந்து வந்து, மூன்று மாதம் மல்லுக்கட்டி, அந்தக் கடிகாரத்தை வினாடிக்கு ஆயிரம் முறை துடிக்கவைத்தாள் ஜோசபின். இந்த முறையும் புகார் வந்தால் கம்ப்யூட்டருக்குப் பதில் பழைய கைமணிதான் என்று பேரவை சொல்லியிருந்தது.

பேசி முடித்து மேடையிலிருந்து இறங்கிய எட்மண்ட் அவளிடம் வந்தார். “ஆயிரம்னா, கரெக்டா ஆயிரமா?”

“ஆயிரம்தான் அங்கிள். இனிமே எந்த மேசைக்கும் சலுகை இல்ல.”

“அது போதும்லா. எனக்கு நியாயம்தான் வேணும்” என்றவர், தலைவர் என்ற முறையில் முதல் மேசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கடைசிக் கேள்விவரை இரண்டு அணியும் சமம். எட்மண்டும் காத்தோங் அணியின் பிரிஜட்டும் ஒன்றாகப் பொத்தானில் அறைந்தார்கள். முதல் மேசை விளக்கு எரிந்தது. எட்மண்ட் சொன்ன விடையும் சரி.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பிரிஜட் வந்து கை குலுக்கி, “மெஷினே சொல்லிருச்சு, அப்புறம் என்ன அங்கிள்” என்றாள். ஜோசபினுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைமணியை இனி அலமாரியில் பூட்டிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். எட்மண்ட் கோப்பையோடு மறுபடி மைக்கைப் பிடித்து, வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கை நம்பியவனை அறிவியல் கைவிடவில்லை என்று அறிவித்தார்.

ஜோசபினுக்குக் கண் கலங்கியது. கைக்குட்டை எடுக்கப் பையைத் திறந்தாள்.

புதிய புரோகிராம் இருந்த ஃபிளாப்பி பைக்குள்ளேயே இருந்தது. கம்ப்யூட்டரில் இருந்தது போன வருடத்து ஃபிளாப்பி.