நாலாவது தட்டு

ஒன்று, இரண்டு, மூன்றுக்குக் கை தட்ட வேண்டும். நாலுக்குச் சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

வயலின்காரர் நாலுக்கும் தட்டினார்.

வேலையில் இருக்கும் இசைக்காரர்களுக்காகச் சனிக்கிழமைகளில் நடக்கும் முதுகலை வகுப்பு அது. அன்று என்னுடைய மாதிரிப் பாடம். பத்து நிமிடம். நான் ஆசிரியை; உடன் படிக்கும் எட்டுப் பேரும் ஒன்றும் தெரியாத ஏழு வயதுப் பிள்ளைகளாக உட்கார்ந்திருக்க வேண்டும். பேராசிரியை கடைசி வரிசையில் மதிப்பெண் தாளோடு இருந்தார்.

அந்த ஏழு வயதுப் பிள்ளைகளில் ஒருவர் போலீஸ் பேண்டில் இருபது வருடமாக டிரம்பெட் ஊதுகிறவர். வயலின்காரர் பெரிய வாத்தியக் குழுவில் முதல் வரிசை. அறிமுக நாளில் அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். இருபத்திரண்டு வருடம். இந்தப் பட்டம் வாங்காவிட்டால் அடுத்த வருடம் வேலை இல்லை என்று தலைமையாசிரியர் கையை விரித்துவிட்டார். ஒரு வாரமாக வீட்டுக்காரரையும் மகளையும் சோபாவில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்திருந்தேன். தண்ணீர் கேட்டால்கூட வீட்டுக்காரர் மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

"கண்ணா, டீச்சர் சொல்றத ஒழுங்காக் கேளு," என்றார் டிரம்பெட்காரர். எல்லோரும் சிரித்தார்கள். வயலின்காரரும் சிரித்தார்.

வேகத்தைக் குறைத்தேன். நாலு வரும்போது உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். ஏழு பேர் நிறுத்தினார்கள். அந்த அமைதியில் ஒரே ஒரு தட்டு.

என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். பாடத் திட்டத்தின் நகல் பேராசிரியையிடம் இருந்தது. நாலாவது நிமிடத்தில் பாட்டு, ஏழாவது நிமிடத்தில் குழு விளையாட்டு. நானோ முதல் வரியையே தாண்டவில்லை. பேராசிரியையின் பேனா எதையோ எழுதிக்கொண்டிருந்தது.

பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் சொல்வதற்கென்றே என்னிடம் சில வார்த்தைகள் உண்டு. அதில் ஒன்று வாயில் வந்துவிட்டது.

"சார், வயலின விட நடிப்பு உங்களுக்கு நல்லா வருது."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். "இன்னொரு தடவை டீச்சர்," என்றார்.

அவர் நெற்றியில் வியர்வை நின்றது. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. திட்டத்தை மேசையில் கவிழ்த்துப் போட்டேன். ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்து, என் உள்ளங்கைகளை நீட்டி, அதில் தட்டச் சொன்னேன். நாலுக்கு என் கைகளை விலக்கினேன். அவர் கைகள் வெறும் காற்றில் விழுந்தன.

மறுபடி. மறுபடியும் காற்று.

எண்களை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். நாலை மட்டும் சொல்லாமல் மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னேன். டிரம்பெட்காரர் கைபேசியை எடுத்துவிட்டார். யாரோ கொட்டாவி விட்டார்கள்.

ஒன்பதாவது நிமிடத்தில் அவர் மூச்சை இழுத்தார். கைகள் பாதியில் நின்றன.

இன்னொரு முறை. நின்றன. மூன்றாவது முறை நான் என் கைகளை விலக்கவே இல்லை. அப்போதும் நின்றன.

நேரம் முடிந்தது.

பேராசிரியை தாளைப் பார்த்தே வாசித்தார். ஒருவருக்காக ஏழு பேர் காத்திருந்தார்கள். திட்டத்தில் கால்வாசிகூட நடக்கவில்லை. இவ்வளவு மந்தமான பிள்ளை நிஜ வகுப்பில் இருக்காது. நடிப்பு என்று தெரிந்ததும் ஆசிரியை மேலே போயிருக்க வேண்டும். ஐந்து வாரம் கழித்து மறுபடி எடுத்துக் காட்டவும்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே வயலின்காரர் வந்தார். வராந்தாவில் வேறு யாரும் இல்லை.

"என் பொழப்புல விளையாடிட்டீங்களே சார்," என்றேன்.

"நான் நடிக்கல டீச்சர்."

எட்டு மாதத்துக்கு முன்னால் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோதே தலைக்குள் ஒரு ரத்தக் கட்டி; கை, கால், பேச்சு எல்லாம் போய்விட்டன. பிறகு கை திரும்பி வந்துவிட்டது, கால் வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. பக்கத்து அறையில் ஒரு தந்தி சுருதி விலகினாலும் இப்போதும் சொல்லிவிடுவாராம். தாளம் மட்டும் திரும்பி வரவில்லை. குழுவில் நீண்ட விடுப்பு என்று சொல்லி வைத்திருக்கிறார்.

"ஒண்ணும் தெரியாதவனா உக்கார எனக்கு வேற எடம் இல்ல டீச்சர். இங்கதான் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க." தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எட்டு மாசத்துல இன்னைக்குத்தான் நின்னுச்சு. நான் போய் மேடம்கிட்ட உண்மையச் சொல்லிடறேன்."

கதவின் பக்கம் திரும்பினார். உள்ளே டிரம்பெட்காரரும் மற்றவர்களும் இருந்தார்கள். போலீஸ் பேண்டுக்குத் தெரிந்தால் ஊரில் எல்லா வாத்தியக்காரர்களுக்கும் தெரிந்த மாதிரி.

அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நடிப்பு என்று நான் சொன்னபோது எல்லோரும் சிரிக்க, அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"வகுப்பு பத்து மணிக்குத்தான்," என்றேன். "எட்டரைக்கு வந்துடுவீங்களா?"

அடுத்த சனிக்கிழமை நான் எட்டு மணிக்கே போனேன். காவலாளி இன்னும் கட்டடத்தைத் திறக்கவில்லை. படியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.